தந்தி மாமாவின் இரண்டாவது மகள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷமே நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் வெச்சுடறோம். கடிதத்துல அந்த வசதி கிடையாது. கிழிச்சுப் போடலாம், ஆனா கொஞ்சமாவது படிச்ச பிறகுதான் கிழிக்கத் தோணும். அதனால எழுதறேன்.

போன வாரம் ஒரு பார்சல் வந்துச்சு. அப்பா நடிச்ச 'மூணாவது மாடி' தொடரை முழுசா டிஸ்க்ல போட்டு விக்கிறாங்களாம். நடிச்சவங்கள்ல உயிரோட இருக்கறவங்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி இலவசம். மேலே அப்பா படம். கழுத்துல மஃப்ளரைச் சுத்திக்கிட்டு, லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்து மாடிப்படியில மூச்சு வாங்க உக்காந்திருக்கற தந்தி மாமா. கட்டடத்துல யார் வீட்டுல எது நடந்தாலும் மத்த வீடுகளுக்குத் தந்தி மாதிரி கொண்டு போய்ச் சேர்க்கிற மனுஷன்னு ஊரே சிரிச்சுதே, அதே முகம். பெட்டியை அப்பா கையில குடுத்தேன். தலைகீழா வெச்சுப் பாத்தார். நான் திருப்பி வெச்சேன்.

அவர் நிலைமை உனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். பக்கவாதம் வந்த வலது பக்கம் அப்படியேதான் இருக்கு. பேச்சும் வரலை. தண்ணி வேணும்னாலும் 'ஹா', பாத்ரூம் போகணும்னாலும் 'ஹா', என் மேல கோபம்னாலும் 'ஹா'. எந்த 'ஹா' எதுக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. கிளினிக்ல பல்வலிக்காரங்களுக்கு நேரம் குறிச்சுக் குடுக்கிறது இதுக்கு நடுவுல நான் எடுத்துக்கற ஓய்வு.

சரி, பெட்டி வந்துச்சேன்னு ஞாயித்துக்கிழமை முதல் டிஸ்க்கைப் போட்டேன். முதல் கதை ஞாபகம் இருக்கா? வாடகை கேட்டு வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், தந்தி மாமா திறப்பார். நான் அப்பா மாத்திரையைப் பிரிச்சுக்கிட்டிருந்தேன். பின்னாடி குரல் கேட்டுச்சு. "நீங்க வர்றது தெரிஞ்சிருந்தா வெளியூர் போயிருப்பேனே சார்." டி.வி.யில ஒரு குரல், கட்டில்ல ஒரு குரல். கட்டில்ல வந்தது அரை நொடி முன்னாலேயே வந்துச்சு.

மாத்திரை எல்லாம் கட்டிலுக்கு அடியில ஓடிப் போச்சு.

பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற அம்மா சொன்னாங்க, இது நடக்கிறதுதானாம். புதுசா ஒரு வாக்கியம் கட்டற இடம் மூளையில கெட்டுப் போச்சு, ஆனா பாடம் பண்ணி வெச்சது வேற இடத்துல பத்திரமா இருக்குமாம். இப்ப தினமும் சாயங்காலம் ஒரு கதை பாக்கறோம். சத்தத்தைக் குறைச்சுட்டு, தந்தி மாமாவோட பொண்ணு பேசறதை நான் பேசுவேன். அவர் பதில் சொல்வார். திட்டுவார், கொஞ்சுவார், பரீட்சையில என்ன மார்க்குன்னு கேப்பார். பிறந்ததுலேர்ந்து அப்பா என்கிட்ட இவ்வளவு பேசினது இல்லை.

ஒண்ணு கேக்கணும். ரெண்டு மூணு வாரம் வந்து இருக்க முடியுமா? எனக்குக் கொஞ்சம் வெளி வேலை இருக்கு.

பட்டாணி


பிப்ரவரி 17

பட்டாணிக்கு,

கிழிக்கலை. முழுசா படிச்சேன்.

வர முடியாது. எக்ஸ்ரே பிரிவுல மூணு பேர் செய்ய வேண்டிய வேலையை நானும் இன்னொருத்தியும் பாக்கறோம். காலையிலேர்ந்து 'மூச்சைப் பிடிங்க, விடுங்க' சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தா எனக்கே மூச்சு விட யாராவது சொன்னாத்தான் உண்டு. பகலுக்கு ஒரு நர்ஸ் வருதே, அதை ராத்திரிக்கும் இருக்கச் சொல்லு. செலவை நான் பாத்துக்கறேன்.

வேலை மட்டும் காரணம் இல்லைன்னு உனக்கும் தெரியும். ஆனா முழுசா தெரியுமான்னு சந்தேகம். நீ அப்ப ஸ்கூல்ல இருந்தே. உன்கிட்ட யாரும் எதையும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஒரு தடவை சொல்லிடறேன், அப்புறம் கேக்காதே.

என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சுக் குடுத்தாச்சு. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து, பையனுக்கு மனசு மாறிடுச்சுன்னு சொல்லிட்டு, குடுத்த காப்பியைக் குடிச்சு முடிச்சுட்டுத்தான் போனார். நான் உள் ரூம்ல போய் உக்காந்தேன். அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வரலை. கொஞ்ச நேரம் கழிச்சு அப்பா வந்து கதவுகிட்ட நின்னார். நான் சொன்னேன், "லைட்டை அணைச்சிடுங்கப்பா, என்னை யாரும் பாக்க வேண்டாம்." அவர் அணைச்சார். போயிட்டார். அவ்வளவுதான். அதைப் பத்தி ஒரு வார்த்தை அன்னிக்கும் இல்லை, அதுக்கப்புறமும் இல்லை.

கொஞ்ச நாள்லயே அது தொடர்ல வந்துச்சு. தந்தி மாமா பொண்ணுக்குக் கல்யாணம் நின்னு போறது. நான் சொன்ன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாம. அந்த ரூம்ல இருந்தது நாங்க ரெண்டு பேர்தான், கதை எழுதறவங்களுக்கு அப்பாதான் சொல்லியிருக்கணும். நான் பாக்கலை. அன்னிக்கு ராத்திரி அம்மாவும் நானும் வெளித் திண்ணை மாதிரி இருந்த அந்தப் படிக்கட்டுல உக்காந்திருந்தோம். எல்லா வீட்டுலேர்ந்தும் ஒரே நேரத்துல சிரிப்புச் சத்தம் வந்துச்சு.

அப்புறம் அது ஊர் வாயில ஏறிடுச்சு. பரீட்சையில தோத்தவன் சொல்வான், சீட்டாட்டத்துல தோத்தவன் சொல்வான். பஸ்ல விளக்கு மினுக்கினா கண்டக்டரே சொல்வான், "லைட்டை அணைச்சிடுங்கப்பா." பஸ்ஸே சிரிக்கும். நானும் பஸ்ல இருப்பேன்.

அதான் வெளியூர்ல படிப்புன்னு கிளம்பினேன். இருட்டு ரூம்ல உக்கார்ற வேலையாப் பாத்துச் சேர்ந்தேன்னு வேணும்னா நீ சிரிச்சுக்கலாம்.

அந்தக் கதையை மட்டும் போடாதே. நீ என் வசனத்தைப் பேச, அவர் பதில் சொல்ல, அதை என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியலை.

அக்கா


பிப்ரவரி 25

அக்காவுக்கு,

அந்த டிஸ்க்கைப் பார்சல் வந்த அன்னிக்கே பெட்டியிலேர்ந்து எடுத்து பீரோவுல வெச்சுட்டேன். நீ சொல்றதுக்கு முன்னாடியே. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காதே. ஸ்கூல்ல அதை என் முகத்துக்கு நேரா சொன்னாங்க, உன் அக்காதானே அதுன்னு கேட்டாங்க. ஒருத்தி கையைக் கடிச்சு வெச்சுட்டு வந்து அம்மாகிட்ட அடி வாங்கினேன். எதுக்குக் கடிச்சேன்னு அம்மாவும் கேக்கலை, நானும் சொல்லலை. நம்ம வீடுதானே.

நீ சொன்னதை முழுசா படிச்சேன். உன்னை நினைச்சுப் பாவமா இருந்துச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா எனக்கு இப்ப நிறுத்தற அளவுக்குத் தெம்பு இல்லை, சொல்லிடறேன்.

உன்னை வெச்சு ஒரு கதை எழுதினாங்க. என்னை வெச்சு ஒண்ணுமே இல்லை. தந்தி மாமாவுக்கு ஒரே பொண்ணு. அந்த டிஸ்க்கைத் தவிர பெட்டி மொத்தமும், ராத்திரி அவர் தூங்கின பிறகும் போட்டு, பாத்து முடிச்சுட்டேன். நீ பாட்டு கிளாஸுக்குப் போய் ஒரே வாரத்துல நின்னது இருக்கு. அம்மா பால்காரரோட சண்டை போட்டது இருக்கு. மாடி வீட்டுப் பூனைகூட ரெண்டு கதையில வருது. நான் எங்கேயும் இல்லை. எனக்கு அம்மை போட்டுச்சு, தண்ணித் தொட்டியில விழுந்தேன், அவரோட மஃப்ளரை நாய்க்குட்டிக்குச் சுத்தி விட்டேன். எதுவுமே சிரிப்பா தோணலை போல இருக்கு அவருக்கு.

அவர்கிட்ட கேலிக்குக்கூட ஆகாதவ, இப்ப அவருக்குத் துணி மாத்தறேன். தூக்கி உக்கார வெக்கிறேன். முதுகு புண்ணாகாம ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்க வெக்கிறேன். அதுக்கு ஒரு 'ஹா'.

வெளி வேலைன்னு எழுதினேனே, அது என்னன்னு நீ கேக்கவே இல்லை. கர்ப்பப்பையில கட்டி. எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லி ரெண்டு தடவை தேதி குடுத்தாங்க, ரெண்டு தடவையும் நான்தான் மாத்தினேன். இந்தத் தடவை மாத்தினா வேற டாக்டரைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. நர்ஸுக்கு வீட்டுல சின்னக் குழந்தை, ராத்திரி இருக்க முடியாது. வேற ஆள் வெச்சா அப்பா வாயைத் திறக்க மாட்டார், சாப்பாடு இறங்காது. ஏற்கெனவே பாத்தாச்சு.

உன்னைக் கட்டாயப்படுத்தலை. கேட்டேன், அவ்வளவுதான்.

பட்டாணி


மார்ச் 14

பட்டாணிக்கு,

முதல்ல அதைச் சொல்லியிருக்கலாமே. வெளி வேலையாம். அப்பாவுக்குத் தப்பாம பிறந்திருக்கே.

லீவு எழுதிக் குடுத்திருக்கேன். மாசக் கடைசியில வர்றேன். உனக்காக வர்றேன், அவருக்காக இல்லை. இதை நீயும் தெளிவா வெச்சுக்கோ.

வர்றதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணினேன். இங்கே ஒரு கடையில அந்தப் பெட்டி இருந்துச்சு. வாங்கிட்டு வந்து, நேரா அந்தக் கதையைப் போட்டேன். அவர் முகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி அதைப் பாத்துடணும்னு தோணுச்சு. என் வீட்டுக்காரரும் வந்து பக்கத்துல உக்காந்துட்டார். நல்ல மனுஷன். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, நான் சொன்னதில்லை. ஏதோ மாமனார் நடிச்சதாச்சேன்னு ஆசையா உக்காந்தார்.

படத்தைத் துடைச்சுப் பளிச்சுன்னு ஆக்கியிருக்காங்க. ரொம்பப் பளிச்சுன்னு ஆனதுல எல்லாம் தெரியுது. கதவைச் சாத்தினா சுவர் ஆடுது. ஜன்னலுக்கு வெளியே இருக்கற வானத்துல ஒரு மடிப்பு. இதுக்கா அவ்வளவு சிரிச்சோம்னு இருந்துச்சு. அப்புறம் அந்தக் காட்சி.

அந்தப் பொண்ணு உக்காந்திருக்கா. அப்பா கதவுகிட்ட வர்றார். அவ சொல்றா. நான் சிரிப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரலை. யாரும் சிரிக்கலை. லைட்டை அணைக்கிறார், படம் இருட்டாகுது. நாற்காலி விழற சத்தம். ஏதோ பாத்திரம் உருளுது. அவர் குரல், "எங்கேம்மா இருக்கே, அப்பாவுக்கு இருட்டுல வழி தெரியலை." அதுக்குத்தான் சிரிக்கிறாங்க. அப்புறம் அடுத்த ரூம் வெளிச்சம் கொஞ்சம் விழுது. அவர் தரையில அவ பக்கத்துல உக்காந்திருக்கார். மஃப்ளரைத் தன் தலையில மூடிக்கிட்டு, "இப்ப என்னையும் யாரும் பாக்க முடியாது"ங்கறார். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். சிரிச்சுட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "உங்கப்பா தங்கமான மனுஷன்"னார்.

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போயிட்டேன்.

இத்தனை வருஷமா ஊர் என்னைப் பாத்துச் சிரிச்சதுன்னு நினைச்சிருந்தேன். அவர் தன்னைப் பாத்துத்தான் சிரிக்க விட்டிருக்கார். தெரிஞ்சா மனசு ஆறும்னு யாராவது சொல்வாங்க. எனக்கு ஆறலை. அந்தப் பொண்ணுகிட்ட வழி தெரியாம தட்டுத் தடுமாறி வந்து உக்காந்தார். என்கிட்ட வழி தெரிஞ்சும் போயிட்டார். என்ன செய்யணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு, பட்டாணி. அதைப் போய் ஸ்டுடியோவுல செஞ்சிருக்கார்.

முன்னாடி என் கோபம் எளிசா இருந்துச்சு. இப்ப அதுவும் கஷ்டமாயிடுச்சு.

ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன சாப்பிடலாம், என்ன கூடாதுன்னு ஒழுங்காக் கேட்டுக்கோ. ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாத்தாங்களா? எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி ஊர்லயே இருக்கற தோழி வீட்டுலேர்ந்து எழுதறேன். நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க, கெடுதல் இல்லைன்னு சொல்லிட்டாங்க. தையல் இழுக்குது. தும்மல் வந்தா தலையணையை வயித்துல அணைச்சுக்கச் சொல்லியிருக்காங்க. தும்மலே வரக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் படுத்திருக்கேன்.

ஒரு வாரமா யாரும் என்னைக் கூப்பிடலை. முதல் ரெண்டு நாள் தூக்கத்துல எழுந்து எழுந்து உக்காந்தேன். எதிர்க் கட்டில்ல ஒரு அம்மா இருமினா, திருப்பிப் படுக்க வெக்கணும்னு கை போச்சு.

நீ வந்த அன்னிக்குச் சரியாப் பேசக்கூட முடியலை. எனக்கு வண்டிக்கு நேரமாச்சு. நீ பெட்டியைக் கீழே வைக்காம, ரூம் வாசல்லயே அவரைப் பாத்துக்கிட்டு நின்னே. அவர் உன்னையே பாத்தார். 'ஹா'கூட வரலை. நீங்க ரெண்டு பேரும் இப்படியே நிப்பீங்கன்னு விட்டுட்டுக் கிளம்பினேன். பிறகு எப்படி? சாப்பிடறாரா? கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக் குடு, நீர்க்கக் குடுத்தா புரை ஏறும். இடது பக்கம் உக்காந்து ஊட்டு. டிஸ்க் போட்டியா?

பட்டாணி


ஏப்ரல் 17

பட்டாணிக்கு,

கெடுதல் இல்லைன்னு படிச்ச பிறகுதான் அன்னிக்குச் சாப்பிட்டேன். கனமா எதையும் தூக்காதே. தோழி வீடுன்னு போய் அங்கேயும் பாத்திரம் தேய்க்க நிக்காதே.

இங்கே நடந்ததைச் சொல்றேன். முதல் ரெண்டு மூணு நாள் நாங்க பேசலை. அவரால முடியாது, எனக்குத் தோணலை. நோயாளியைத் தூக்கறது, திருப்பறது எல்லாம் எனக்குப் பழக்கம்தான், மேஜை மேல எத்தனை பேரைப் படுக்க வெச்சிருக்கேன். ஆனா இவர் அவ்வளவு லேசா இருப்பார்னு நினைக்கலை. சட்டை மாத்தும்போது விலா எலும்பு தெரிஞ்சுது. மெஷின் இல்லாமலே எக்ஸ்ரே எடுக்கலாம்.

சாப்பாடு முதல் நாள் இறங்கலை. வாயை இறுக்கி மூடிக்கிட்டார். ரெண்டாம் நாள் நான் கிண்ணத்தை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கும் பிடிவாதம் அவர்கிட்டேர்ந்து வந்ததுதானே. கடைசியில திறந்தார்.

நாலாம் நாள் மத்தியானம் பீரோவைத் திறந்து அந்த டிஸ்க்கை எடுத்துப் போட்டேன். ஏன்னு கேக்காதே. அவர் கட்டில்ல சாய்ஞ்சு உக்காந்திருந்தார், நான் பக்கத்துல. மாப்பிள்ளை வீட்டார் வர்றாங்க, போறாங்க, அவர் வசனத்தையெல்லாம் வரிசையா சொல்லிக்கிட்டே வந்தார். நீ எழுதினியே, அரை நொடி முன்னாடின்னு, அப்படித்தான். தந்தி மாமா அந்த ரூம் கதவுகிட்ட வந்தார். இவர் நிறுத்திட்டார். டி.வி.யைப் பாக்கலை, என்னைப் பாத்தார். இடது கையை நீட்டி என் மடியில இருந்த ரிமோட்டை எடுத்தார். என்னென்னவோ பட்டனை அமுக்கினார், சத்தம் கூடுச்சு, வேற சேனல் வந்துச்சு, கடைசியில அணைஞ்சு போச்சு.

அந்தப் பொண்ணு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அணைஞ்சுது.

அது வேணும்னு பண்ணினாரா, கை தவறி அமுங்குச்சான்னு எனக்குத் தெரியலை. கேட்டாலும் சொல்ல முடியாதவர்கிட்ட என்னத்தைக் கேக்கறது. நான் திரும்பப் போடலை. ரெண்டு பேரும் அணைஞ்ச டி.வி.யைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நர்ஸ் வந்து, கரண்ட் போச்சான்னு கேட்டுச்சு.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன்.

சாயங்காலம் ஆனா அவருக்கு இருப்புக் கொள்ளலை. கதவையே பாக்கறார். பாத்ரூமோன்னு பாத்தா இல்லை. தண்ணியும் இல்லை. அப்புறம் வாய் கோணி, கஷ்டப்பட்டு ஏதோ சொல்றார். 'பட்டா, பட்டா'ங்கற மாதிரி கேட்டுச்சு. பட்டன்னு சொல்றார்னு சட்டை பட்டனைப் போட்டு விட்டேன். கையைத் தட்டி விட்டார். கழட்டி விட்டேன், அதுக்கும் தட்டி விட்டார். மறுநாளும் இதே கூத்து. நர்ஸ்கூட வேற சட்டை கொண்டு வந்து காட்டுச்சு. மூணாம் நாள் வாசல்ல கேட் திறக்கிற சத்தம் கேட்டுச்சு, பேப்பர் பணம் வாங்க வந்த ஆள். இவர் தலையணையிலேர்ந்து தலையைத் தூக்கினார். "பட்டாணி"ன்னார்.

முழுசா சொன்னார். குரல் கரகரன்னு இருந்துச்சு, ஆனா ஒரு எழுத்துகூட மிஸ் ஆகலை. வந்தது நீ இல்லைன்னு தெரிஞ்சதும் திரும்பிப் படுத்துக்கிட்டார். அதிலேர்ந்து தினமும் நீ கிளினிக்லேர்ந்து வர்ற நேரத்துக்குக் கூப்பிடறார்.

பேச்சுப் பயிற்சி அம்மாகிட்ட சொன்னேன். ஏதாவது டிஸ்க்ல இருக்கற வார்த்தையா இருக்கும்னு சொன்னாங்க. இல்லைன்னு சொன்னேன். நீதான் மத்ததையெல்லாம் பாத்துட்டு எழுதியிருக்கியே, நீ எங்கேயும் இல்லைன்னு. நீ விட்ட டிஸ்க்கை நான் பாத்தேன், அதுலயும் இல்லை. அப்படின்னா அது அவரே கட்டின சொல்லுன்னாங்க. அவங்களுக்கு என்னை விட சந்தோஷம்.

நீ பக்கத்துலயே இருந்ததால அவருக்குக் கூப்பிட வேண்டிய தேவையே வந்திருக்காது. நீ கேட்டிருக்க வழி இல்லை. எழுதி அனுப்பலாம்னு தோணுச்சு.

என்னை அவர் ஒரு தடவையும் கூப்பிடலை. நான் போன புதுசுல கூப்பிட்டிருப்பாரோ என்னவோ. கேக்கற தூரத்துல நான் இல்லை. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அவளும் இல்லை. இதை வருத்தமா எழுதலை, பட்டாணி. அலுப்பா இருக்கு, அவ்வளவுதான். இன்னிக்குத் துவைக்க வேண்டியது நிறைய.

லீவை நீட்டிச்சிருக்கேன். நீ அவசரப்பட வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பால்கனியில வெச்சுப் படிச்சேன். தோழி வந்து, தையல் வலிக்குதான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

உன்னைக் கூப்பிட்டாரான்னு எனக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லி உன்னைத் தேத்த எனக்கு வரலை. ஆனா ஒண்ணு சொல்றேன். நீ போன பிறகு அந்த உள் ரூம்ல யாரும் படுக்கலை. எனக்குத் தனி ரூம் வேணும்னு எவ்வளவோ அழுதேன், குடுக்கலை. ஹால்லயேதான் படிச்சேன், ஹால்லயேதான் தூங்கினேன். அதுக்கு என்ன அர்த்தம்னு நீயே வெச்சுக்கோ. அப்ப எனக்கு உன் மேல ஆத்திரமா வந்துச்சு. இப்ப நீ அந்த ரூம்லதானே படுக்கறே? ஜன்னல் தாழ்ப்பாள் சரியா விழாது, ஒரு துணியை மடிச்சு வெச்சுக்கோ.

டாக்டர் இன்னும் மூணு வாரம் ஓய்வுன்னு சொல்லியிருந்தாங்க. உனக்குச் சிரமமா இருக்குமேன்னு இந்த ஞாயித்துக்கிழமையே கிளம்பலாம்னு டிக்கெட்கூடப் பாத்து வெச்சிருந்தேன். இப்ப வேண்டாம்னு விட்டுட்டேன். மூணு வாரத்தையும் இருந்து தீத்துட்டுத்தான் வரப் போறேன். இப்படி ஓய்வு எடுத்து எனக்குப் பழக்கம் இல்லை, கத்துக்கணும்.

அவர் கூப்பிட்டா, வந்துடுவான்னு சொல்லு. எப்பன்னு மட்டும் சொல்லாதே.

பட்டாணி